ரெய்ஷி குப்பியும் ஒரு துளி அயோடினும்

ஐப்பசி மழை பிடித்த முதல் வாரத்தில், மண்டபத்தை அடுத்த எங்கள் ஊரில் கடல்பாசி எடுத்துப் பிழைக்கும் பக்கத்து வீட்டுப் பெண், ரெய்ஷி என்னும் காளானின் கேப்சூல்கள் அடங்கிய ஒரு வெள்ளைக் குப்பியை முந்தானையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். “டீச்சர், இதைத் தெனம் ரெண்டு குடுத்தா பையனுக்கு டெங்கு அண்டாதுன்னு சொல்றாக. குடுக்கலாமா?” என்று கேட்டார். சென்ற ஆண்டு இதே பருவத்தில் அவருடைய மகன் டெங்குக் காய்ச்சலில் விழுந்ததையும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் இறங்கியதைத் தாள் தாளாக வாங்கிப் பார்த்தபடி மருத்துவமனை வராந்தாவில் அவர் ஆறு இரவுகளைக் கழித்ததையும் நான் அறிவேன். ஆகவே அந்தக் கேள்வியை ஒரு சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. குப்பியின் விலை 1,450 ரூபாய். அதற்காக அவர் எத்தனை நாள் இடுப்பளவு நீரில் நின்றிருப்பார் என்பதையும் என்னால் கணக்கிட முடிந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் கற்பித்தவள் நான். பூசணங்கள் பற்றிய பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். இருந்தும் அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ‘கொடு’ என்றோ ‘கொடுக்காதே’ என்றோ அந்த நிமிடமே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. குப்பியைத் திறக்காமல் வைத்திருக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமை ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் சென்று, அவர் வாங்கிய அதே இயற்கை அங்காடியில் மூன்று பொருள்களை வாங்கினேன்: அதே ரெய்ஷி கேப்சூல் குப்பி ஒன்று, உலர்த்திச் சீவிய ரெய்ஷிக் காளான் துண்டுகள் 100 கிராம், 600 ரூபாய், அன்றைக்கு வந்திறங்கிய சிப்பிக் காளான் 200 கிராம், 60 ரூபாய். இந்த மதிப்புரை அம்மூன்றையும் பற்றியது. கடையின் பெயரையோ தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையோ நான் எழுதவில்லை. ஏறக்குறைய இதே வாசகங்களைத் தாங்கிய வேறு குப்பிகளும் அதே அலமாரியில் இருந்தன. ஒருவரை மட்டும் சுட்டிக் காட்டினால் மற்றவை தப்பிவிடும்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கருப்பட்டி, வரகு, நிலவேம்புப் பொடி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் காளான் பொருள்களுக்கென ஒரு தனி அலமாரி வைத்திருக்கிறார்கள். கடற்காற்றின் ஈரத்தில் உலர்ந்த காளான் ஒரே வாரத்தில் பதத்துப் பூஞ்சை பிடிக்கும் என்பதை உணர்ந்து, துண்டுகளை ரப்பர் வளையம் பொருத்திய கண்ணாடி ஜாடியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்திருந்தார்கள். விற்பனையில் நின்ற தம்பி பொறுமையாகப் பேசினார். நான் கேட்ட எதற்கும் முகம் சுளிக்கவில்லை. குறையெல்லாம் அவர் பில்லோடு சேர்த்துக் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் இருந்தது.

குப்பியின் மேலுள்ள சிட்டையில், ரெய்ஷியின் அறிவியல் பெயரோடு, ‘கனோடெர்மா லூசிடம் 500 மி.கி., பாலிசாக்கரைடு 40%’ என்று அச்சிட்டிருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிமத்தின் 14 இலக்க எண் இருந்தது. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும், உருப்பெருக்கி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் ஊட்டச்சத்துப் பொருள் ஒழுங்குமுறைகளின்படி அந்த வாசகம் சிட்டையில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் துண்டுப்பிரசுரமோ பெரிய எழுத்தில், ‘ஹெச்.ஐ.வி., டெங்கு முதலிய வைரஸ்களை வெல்வதாக ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்றது. சட்டம் சிட்டையில் எதைச் சொல்ல வேண்டாம் என்கிறதோ, அதைத் துண்டுப்பிரசுரம் சொல்லிவிடுகிறது. வாங்குகிறவர் கையில் இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் அயோடின் சோதனை செய்தேன். ரெய்ஷி என்ற பெயரில் விற்கப்படுவனவற்றில் இரு வகை உண்டு. ஒன்று, மரத்தில் விசிறிபோல வளர்ந்து முற்றிய காளானையே உலர்த்தி அரைத்தது. மற்றது, வேகவைத்த தானியத்தில் காளானின் பூசண இழையைப் படரவிட்டு, அது காளானாக வெளிவரும் முன்பே தானியத்தோடு சேர்த்து உலர்த்தி அரைத்தது. காளான் வளர்ப்பவர்கள் வாங்கும் ‘வித்து’ப் பையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும், வேகவைத்த சோளத்தின்மேல் வெள்ளை நூல் படர்ந்திருக்குமே, அதைக் காயவைத்துப் பொடித்தால் என்ன கிடைக்குமோ அதுதான் இரண்டாம் வகை. அதில் இழை எவ்வளவு, மாவு எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் தானியத்தில் ஸ்டார்ச் இருக்கிறது. காளானில் அது இல்லை. காளான் தன் சேமிப்பை விலங்குகளைப் போலவே கிளைகோஜனாக வைத்துக்கொள்கிறது. ஆகவே அயோடின் காட்டிக்கொடுத்துவிடும்.

நான்கு கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்தேன். ஒன்றில் அரிசி மாவு, ஒன்றில் கேப்சூலைப் பிரித்துக் கொட்டிய தூள், ஒன்றில் அரைத்த ரெய்ஷித் துண்டு, ஒன்றில் வெயிலில் காயவைத்துப் பொடித்த சிப்பிக் காளான். ஒவ்வொன்றிலும் அரைத் தேக்கரண்டி எடுத்து, நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவைத்து, பிறகு நீர்த்த அயோடினில் மூன்று துளி விட்டேன். ஆறவைக்காமல் விட்டால் சூட்டில் நீலம் மறைந்து போகும்; வகுப்பில் அவசரப்பட்ட மாணவர்கள் பலர் அப்படிப் பிழையான முடிவை எழுதியிருக்கிறார்கள். அரிசி மாவு கருநீலமானது. சிப்பிக் காளான் இலேசான செம்பழுப்பு காட்டியது. ரெய்ஷித் துண்டு அயோடினின் தேநீர் நிறத்தை மாற்றவே இல்லை. கேப்சூல் தூள், துளி விழுந்த கணத்திலேயே, அரிசி மாவிலிருந்து பிரித்தறிய முடியாத கருநீலமாயிற்று. குப்பியின் மேலே, நடுவே, அடியே என்று எடுத்து மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதே நிறம்தான்.

இந்தச் சோதனையால் அளவைச் சொல்ல முடியாது. தூளில் நிரப்புப் பொருளாக மக்காச்சோள மாவைக் கலந்திருந்தாலும் இதே நீலம் வரும். ஆயினும் ‘பாலிசாக்கரைடு 40%’ என்ற வரியை எப்படிப் படிப்பது என்பது இதனால் தெளிவானது. பாலிசாக்கரைடு என்பது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த எந்தப் பொருளுக்கும் பொதுப்பெயர். காளானின் சிறப்புக்குக் காரணமாகச் சொல்லப்படும் பீட்டா-குளுக்கானும் பாலிசாக்கரைடுதான். சோற்றிலுள்ள ஸ்டார்ச்சும் பாலிசாக்கரைடுதான். இரண்டையும் கூட்டி ஓர் எண்ணாகச் சொல்லும் சிட்டை, வாங்குபவருக்குத் தேவையான எண்ணைச் சொல்லவில்லை. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. காளான் இழை அரிசியில் வளர்க்கப்பட்டு, அரிசியோடு சேர்த்தே உலர்த்தப்படுகிறது என்றும், பீட்டா-குளுக்கானைத் தனியாக அளப்பதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் ஆகியவை வரம்புக்குள் இருப்பதாகக் காட்டும் ஓர் ஆய்வக அறிக்கையையும் இணைத்திருந்தார்கள். காளான்கள் வளரும் இடத்திலுள்ள கன உலோகங்களைத் தம்முள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையவை என்பதால் அந்த அறிக்கை முக்கியமானது. ஒளிக்காமல் பதில் எழுதியதற்காக அவர்களை மதிக்கிறேன். அதே உண்மையைச் சிட்டையில் ஒரு வரியாக அச்சிட்டால் என்ன குறைந்துவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சுவையும் ஒரு சோதனைதான். ரெய்ஷிக்கு அதன் டிரைடெர்பீன் சேர்மங்களால் கசப்பு உண்டு. துண்டுகளைக் கொதிக்கவைத்த நீர், நிலவேம்புக் குடிநீர் அளவுக்கு இல்லாவிட்டாலும், நாக்கின் அடியில் நெடுநேரம் தங்கும் கசப்பைக் கொண்டிருந்தது. கேப்சூல் தூளை நாவில் வைத்தபோது வறுத்த மாவின் சுவையே தெரிந்தது.

இனி துண்டுப்பிரசுரத்தின் ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற சொல்லுக்கு வருகிறேன். என்னை அதிக நாள் உட்கார வைத்தது இதுவே.

ஒரு பொருளுக்கு வைரஸ் எதிர்ப்புத் தன்மை உண்டா என்பதை ஆய்வகத்தில் இப்படித்தான் தொடங்கிப் பார்க்கிறார்கள். தட்டில் செல்களை வளர்க்கிறார்கள்; பெரும்பாலும் 1962-இல் ஜப்பானில் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்ட வீரோ செல்கள். அவற்றில் வைரஸை விட்டு, சோதிக்கும் சாற்றை வெவ்வேறு அடர்த்தியில் சேர்த்து, வைரஸ் செல்களை அழித்த வெற்றிடங்கள் எத்தனை குறைந்தன என்று எண்ணுகிறார்கள். கூடவே, எந்த அடர்த்தியில் அந்தச் சாறு செல்களையே கொல்லத் தொடங்குகிறது என்றும் பார்க்கிறார்கள். இவ்விரண்டு அடர்த்திகளுக்கும் இடையே நல்ல இடைவெளி இருந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும். தட்டில் வைரஸ் செத்தது என்பது மட்டும் ஒரு தகுதி ஆகாது. சோப்பு நீரும் தட்டில் வைரஸைக் கொல்லும். அடுத்த படிகள் விலங்குகள், பிறகு சில மனிதர்களிடம் பாதுகாப்பு, பிறகு பல மனிதர்களிடம் பயன். இந்த ஏணியில் ஏற முயன்று நடுவே விழுந்தவை மிகப் பல. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் தட்டில் கொரோனா வைரஸைத் தடுத்தது. 2020 ஜூன் மாதம் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, மருத்துவமனையிலிருந்த நோயாளிகளின் இறப்பை அது குறைக்கவில்லை என்று அறிவித்தது.

பிரசுரம் ஆண்டோ இடமோ குறிப்பிடாமல் மூன்று ஆய்வுகளைச் சொல்கிறது. அது சொல்லும் விதத்தைக் கொண்டு அவை எவை என்று கண்டுபிடிக்க முடிந்தது. முதலாவது, 1998-இல் வெளிவந்த ஹெச்.ஐ.வி. ஆய்வு. ரெய்ஷியிலிருந்து தனியே பிரித்தெடுத்த கனோடெரியால்-எஃப், கனோடெர்மனோன்ட்ரையால் என்னும் இரு டிரைடெர்பீன்கள், ஒரு மில்லி லிட்டருக்கு 7.8 மைக்ரோகிராம் அடர்த்தியில் தட்டிலிருந்த செல்களை ஹெச்.ஐ.வி. அழிக்காமல் தடுத்தன. நல்ல ஆய்வு, உண்மையான முடிவு. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் உடலில் ஐந்து லிட்டர் இரத்தம் என்று கொண்டால், அந்த அடர்த்தியை எட்ட 39 மில்லிகிராம் தூய சேர்மம் சிதையாமல் இரத்தத்தில் நிற்க வேண்டும். உலர்ந்த காளானில் எல்லா டிரைடெர்பீன்களும் சேர்ந்தே எடையில் சில சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அவற்றுள் குறிப்பிட்ட ஒன்று மிகச் சொற்பம். விழுங்கியதில் குடல் ஏற்பது அதிலும் ஒரு பகுதி. கசப்பே இல்லாத 500 மில்லிகிராம் தூளுக்கு அந்த ஆய்வின் பெயரைச் சூட்டுவது தகாது.

இரண்டாவது, 2019-இல் வெளியான டெங்கு ஆய்வு. பக்கத்து வீட்டுப் பெண் நம்பியது இதைத்தான். டெங்கு வைரஸ் பெருகுவதற்குத் தேவையான ஒரு புரதவெட்டி நொதியில் ரெய்ஷியின் டிரைடெர்பீன்கள் எப்படிப் பொருந்துகின்றன என்று கணினியில் பார்த்து, அவற்றுள் கனோடெர்மனோன்ட்ரையாலைத் தேர்ந்து, செல்களிலும் சோதித்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரை எந்தக் கேப்சூலையும் யாருக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை. ஒரு பூட்டுக்குப் பொருந்தக்கூடிய சாவியின் வடிவத்தைக் கண்டார்கள். அந்தச் சாவி இன்னும் வார்க்கப்படவில்லை.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. 2018-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் காளான் வளர்ப்பாளர் பால் ஸ்டேமெட்ஸும் சேர்ந்து, கனோடெர்மா ரெசினேசியம் என்னும் ரெய்ஷி இனத்தின் இழைச் சாற்றைச் சர்க்கரைப் பாகில் கலந்து தேனீக்களுக்குக் கொடுத்தார்கள். திறந்த வெளிக் கூடுகளில் சிறகு முடக்கும் வைரஸ் 79 மடங்கும், லேக் சினாய் வைரஸ் 45,000 மடங்கும் குறைந்தன. பிரசுரத்தில் ‘45,000 மடங்கு’ என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. தேனீ என்ற சொல் எங்கும் இல்லை. இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அழகான ஓர் ஆய்வை எடுத்து, அதன் உயிரை நீக்கிவிட்டு, ஓர் எண்ணை மட்டும் ஒரு தாயின் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

காளான்களில் வைரஸ் எதிர்ப்பைத் தேடுவதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விரும்புகிறேன். பூசணங்களிடமிருந்து மனிதர் பெற்றவை பெரியவை. ரிச்சர்ட் ஷோப் என்னும் அமெரிக்க வைரஸ் ஆய்வாளர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குவாம் தீவில், தன் மனைவி ஹெலனின் புகைப்படத்தின்மேல் படர்ந்த பூசணத்தை எடுத்து வளர்த்தார். வைரஸ் தொற்றிய எலிகளை அதன் சாறு காத்தது. 1953-இல் அவர் அதற்கு ஹெலனின் என்று பெயரிட்டு வெளியிட்டார். அது ஏன் வேலை செய்தது என்பது 1967-இல்தான் தெரிந்தது: அதன் செயல், ஈரிழை ஆர்.என்.ஏ.யினுடையது; அந்த ஆர்.என்.ஏ., பூசணத்துக்குள் குடியிருந்த வேறொரு வைரஸுடையது என்பது அதற்குப் பின் தெரிந்தது. அது எலியின் உடலில், வைரஸை எதிர்க்க உடலே சுரக்கும் இன்டர்ஃபெரானைத் தூண்டியிருந்தது. ஒரு சாறு பயன் தருகிறது என்று அறிவதற்கும், எதனால் தருகிறது என்று அறிவதற்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் கடந்திருக்கின்றன.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளும் உண்டு. ஷீடாக்கே காளானின் இழையிலிருந்து எடுக்கப்படும் ஏ.ஹெச்.சி.சி. என்னும் சாற்றை, மனிதப் பாப்பிலோமா வைரஸ் நீங்காமல் தங்கியிருந்த பெண்களுக்கு அமெரிக்காவின் ஹூஸ்டனில் நாள்தோறும் 3 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்தார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி, சாறு பெற்ற 22 பேரில் 14 பேருக்கும், போலி மாத்திரை பெற்ற 19 பேரில் 2 பேருக்கும் வைரஸ் நீங்கியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருவது. கலிபோர்னியாவில் அகாரிகான், டர்க்கி டெயில் ஆகிய காளான்களைக் கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்ததும் அண்மைக் காலச் செய்தியே. அகாரிகானைக் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். இவை எல்லாவற்றிலும் பொதுவாக நான் காண்பது, என்ன காளான், எந்தப் பகுதி, எப்படி எடுத்த சாறு, எத்தனை கிராம், எத்தனை நாள் என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதே. நான் வாங்கிய குப்பிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

ரெய்ஷியைப் பொறுத்தவரை, புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நடந்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2012-இல் திரட்டியபோது, 373 பேர் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளே தேறின. முதன்மைச் சிகிச்சையாக அதைப் பயன்படுத்தச் சான்று போதாது என்றும், வழக்கமான சிகிச்சையோடு துணையாகச் சேர்க்கலாம் என்றும் முடித்தார்கள். நூற்றாண்டுகளாகச் சீனத்திலும் ஜப்பானிலும் போற்றப்பட்ட ஒரு காளானுக்கே நிலைமை இதுதான். காளானின் பீட்டா-குளுக்கானை நம் வெள்ளணுக்களின் மேலுள்ள டெக்டின்-1 என்னும் ஏற்பி பற்றிக்கொள்கிறது என்பது 2001-இல் அறியப்பட்டது. அதனால் உடலின் காவல் விழிப்படைகிறது. அது வைரஸை நேராகக் கொல்வதிலிருந்து வேறான காரியம்.

டெங்குவிலோ அந்த விழிப்பும் எப்போதும் நன்மை ஆகாது. கடுமையான டெங்குவில், உடலின் சொந்த எதிர்வினையும் சேர்ந்தே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியக் காரணமாகிறது. மேலும், ரெய்ஷிச் சாறு தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இரத்தப்போக்குக்கு அஞ்சித்தான்; அதே காரணத்துக்காக இதையும் ஒதுக்கி வைப்பதே நல்லது. இந்த ஓர் இடத்துக்கு வந்ததும் என் திண்ணையில் கேட்கப்பட்ட கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது. தட்டணுக்கள் இறங்கிப் படுத்திருந்த ஒரு பையனுக்கு, மீண்டும் அதே காய்ச்சல் வரக்கூடிய பருவத்தில், நாள்தோறும் கொடுக்கக்கூடிய பொருள் இது அல்ல.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரும் மருத்துவரிடம் சொல்லாமல் ரெய்ஷியைத் தொடக் கூடாது. ரெய்ஷிப் பொடி உண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் ஹாங்காங்கிலும் தாய்லாந்திலும் பதிவாகியுள்ளன. அதே அலமாரியில் சாகா என்ற காளான் பொடியும் இருந்தது. ஜப்பானில் அதை மாதக்கணக்கில் உண்ட 72 வயதுப் பெண்ணின் சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிந்து அவை செயலிழந்ததாக 2014-இல் எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகக் கல் தொல்லை உள்ளவர்கள் அதை வாங்க வேண்டாம்.

உலர்ந்த துண்டுகளைப் பற்றிச் சொல்வதற்குப் பெரும்பாலும் நல்லதே இருக்கிறது. மேற்புறம் அரக்குப் பூசியதுபோல மினுக்கும் செம்பழுப்பு, உள்ளே தக்கைபோன்ற மெல்லிய நார், கீழ்ப்புறம் ஊசிமுனைத் துளைகள்: உண்மையான ரெய்ஷிதான். அயோடினிலும் நாக்கிலும் தேறியது. நான்கு துண்டுகளை ஒரு லிட்டர் நீரில் மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் அரை லிட்டர் பழுப்புக் கசாயம் கிடைக்கிறது. காளானின் செல்சுவர் நண்டு ஓட்டில் உள்ள அதே கைட்டினால் ஆனது. நம் குடலுக்கு அதை உடைப்பது கடினம். ஆகவே பச்சைப் பொடியாக விழுங்குவதைவிடக் கொதிக்கவைத்துச் சாறு எடுப்பதே முறை. நான் ஒரு வாரம் குடித்தேன். வயிற்றில் தொல்லை எதுவும் இல்லை. அதனால் எனக்குச் சளி வரவில்லை என்று எழுதினால் அது பொய். ஒருவர் ஒரு வாரம் குடித்ததிலிருந்து எதையும் அறிய முடியாது. கசப்பான ஒரு மாலைப் பானமாக அதற்கு 600 ரூபாய் கொடுப்பது அவரவர் விருப்பம்.

துண்டுகளின் பொட்டலத்தைப் பார்த்த என் அண்ணன் ஒன்று கேட்டார்: தென்னை மரத்தின் அடியில் முளைப்பதும் இதுதானே, அதையே எடுத்துக் காய்ச்சினால் என்ன? கேட்டது சரியான கேள்வி. தென்னையின் அடித்தண்டழுகலை, 1952-இல் தஞ்சைப் பகுதியைப் புயல் தாக்கிய பின் பெரிதாகப் பரவியதால் தஞ்சாவூர் வாடல் நோய் என்று சொல்கிறார்கள். அதை உண்டாக்குவது கனோடெர்மா இனம்தான். நம் கடலோரத் தோப்புகளிலும் மரத்தடியில் செம்பழுப்பு நீர் வடிந்து, பிறகு விசிறி முளைப்பதைப் பார்க்கலாம். ஆனால் கனோடெர்மாவில் இனங்கள் பல. வெளித்தோற்றத்தைக் கொண்டு பிரிப்பது வல்லுநர்களுக்கே தடுமாற்றம். போதாக்குறைக்கு அந்த மரத்துக்குப் பூசணக்கொல்லியான போர்டோ கலவை ஊற்றியிருப்பார்கள்; மருந்து கட்டியிருப்பார்கள். அதைக் காய்ச்சிக் குடிக்கவே கூடாது.

மூன்றாவது பொருளான சிப்பிக் காளான், விலையில் கடைசி; எனக்கு மனநிறைவில் முதல். 60 ரூபாய்க்கு 200 கிராம். ஓரங்கள் வெடிக்காமல், கெட்ட வாடை இல்லாமல் இருந்தது. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கியபோது பையனும் அவன் தாயும் சேர்ந்தே உண்டார்கள். பீட்டா-குளுக்கான் இதிலும் உண்டு. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 52 பேர் நான்கு வாரம் நாள்தோறும் 5 அல்லது 10 கிராம் உலர்ந்த ஷீடாக்கேயை உணவாக உண்டபோது, அவர்களின் எதிர்ப்புச் செல்கள் செயலூக்கம் பெற்றதையும், உமிழ்நீரில் காப்புப் புரதம் கூடியதையும், அழற்சிக் குறியீடு குறைந்ததையும் 2015-இல் பதிவு செய்தார்கள். அவர்கள் உண்டதும் உணவுக் காளான்தான், கேப்சூல் அல்ல. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே.-2 பால் காளான், நமக்கு அண்டையிலுள்ள அருப்புக்கோட்டையின் பெயரைத் தாங்கியது. நம் வெயிலைத் தாங்கி வளரக்கூடியது. கடைக்காரத் தம்பி அதையும் வரவழைத்தால் நான் வாரந்தோறும் வாங்குவேன்.

இந்தக் கடற்கரையில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மண்டபம் பக்கம் ‘பெப்சி பாசி’ என்று சொல்லப்படும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனனும் பாலிசாக்கரைடுதான். அதன் உறவான அயோட்டா-காராஜீனன், வைரஸ் செல்லில் ஒட்டும் முன்பே அதைப் பற்றிக்கொள்கிறது. அர்ஜென்டினாவில் 394 மருத்துவமனைப் பணியாளர்களிடம் அதை மூக்குத் தெளிப்பானாகச் சோதித்தபோது, தெளித்தவர்களில் 1 சதவீதத்தினருக்கும் போலித் தெளிப்பான் பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கும் கோவிட் வந்தது. இது வேறு பாசியின் சாறு, மூக்குக்குள் மட்டும் வேலை செய்வது, டெங்குவுக்கு எந்தத் தொடர்பும் இல்லாதது. ஆனாலும், பொருள், அளவு, வழி, ஒப்பீட்டுக் குழு எல்லாம் வைத்துச் செய்த சோதனை எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவருடைய கையிலுள்ள பாசியைக் கொண்டே விளக்க எனக்கு அது உதவியது. அவர் உடனே புரிந்துகொண்டார்.

ஆகவே என் மதிப்பீடு இது: கேப்சூல் குப்பியை 1,450 ரூபாய்க்கு வாங்க வேண்டாம், இழையும் அரிசியும் எவ்வளவு என்று சிட்டையில் அச்சிட்டு, பீட்டா-குளுக்கானைத் தனியாக அளந்து, துண்டுப்பிரசுரத்தையும் திரும்பப் பெற்றால், ஓர் உணவுப் பொருளாக அதை மறுபடி பார்க்கலாம். துண்டுகள் தரமானவை, யாருக்கு ஆகாது என்பதைக் கடையே ஓர் அட்டையில் எழுதி ஜாடிமேல் ஒட்ட வேண்டும். சிப்பிக் காளானை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

திறக்காத குப்பியை எடுத்துக்கொண்டு அவரும் நானும் மறு வாரம் கடைக்குப் போனோம். பில் இருந்ததால் தம்பி முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். தேனீ ஆய்வைப் பற்றி நான் சொன்னதை நின்று கேட்டார். முதலாளியிடம் சொல்வதாகவும் சொன்னார். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் வராத நாள்களுக்காக வீட்டுக்கு வீடு டிரம்மில் நீர் பிடித்து வைப்போம்; டெங்குக் கொசு முட்டையிடுவது அந்தத் தெளிந்த நீரில்தான். திரும்பும் வழியில் அவர் தம் இரண்டு டிரம்களுக்கும் இறுக்கமான மூடியும், பையன் பகலில் தூங்கும் கட்டிலுக்கு ஒரு கொசுவலையும் வாங்கிக்கொண்டார். அந்தத் துண்டுப்பிரசுரக் கட்டு இன்னும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று, அடுத்த முறை சிப்பிக் காளான் வாங்கப் போகும்போது பார்ப்பேன்.